எண்ணெய் விற்ற காசில் குரல் சேர்த்தவர்

மகாளய அமாவாசை அன்று விடியற்காலை நான்கு மணிக்கு லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர் யாரும் தூங்க முடியாது. மாடி வீட்டில், எதிர் வீட்டில், தெருமுனை டீக்கடையில் என்று எல்லா ரேடியோக்களும் ஒரே நேரத்தில் வாய் திறக்கும். பீரேந்திர கிருஷ்ண பத்ரா தேவியின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். வங்காளி தெரியாத நம் பாட்டிமார்கூட எழுந்து உட்கார்ந்து கைகூப்பிவிடுவார்கள்.

பத்ரா 1991-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். ஆனாலும் ஆண்டுதோறும் அவர்தான் ஊரை எழுப்புகிறார். நமக்கும் அன்று முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யும் நாள். போனவர்களை நினைக்கும் நாளில் போனவர் ஒருவரின் குரலே நம்மை எழுப்புவது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மனிதன் போன பிறகும் அவன் குரலை நிறுத்தி வைக்கலாம் என்ற எண்ணத்தை இந்த ஊரில் ஒரு தொழிலாகச் செய்து காட்டிய முன்னோடி ஒருவர் உண்டு. அவர் சங்கீத வித்வான் அல்ல. விஞ்ஞானியும் அல்ல. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் விற்றவர். அவர் பெயர் ஹேமேந்திர மோகன் போஸ். கல்கத்தா முழுக்க எச். போஸ் என்றே அழைத்தது.

மைமன்சிங் பையன்

எச். போஸ் 1864-ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்தில் மைமன்சிங் ஜில்லா ஜெயசித்தி கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. தந்தையார் ஹரமோகன் போஸ். குடும்பம் படித்த குடும்பம். சித்தப்பா ஆனந்த மோகன் போஸ் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் ராங்ளர் பட்டம் பெற்ற முதல் இந்தியர். 1898-ஆம் ஆண்டு சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது தலைமை வகித்தவரும் இவரே. நம் ஊருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் அப்படி ஓர் ஒட்டு இருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை என்ன ஆக வேண்டும்? டாக்டர், வக்கீல், இல்லையென்றால் சர்க்கார் உத்தியோகஸ்தர். அந்த வழியில்தான் ஹேமேந்திர மோகனும் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே விதி குறுக்கிட்டது. சோதனைச்சாலையில் திராவகம் கண்ணில் தெறித்துவிட்டது. பல மாதம் படுத்த படுக்கை. பார்வை தப்பியது, படிப்பு தப்பவில்லை.

நம் வீடுகளிலும் இப்படி நடப்பதுண்டு. பரீட்சையில் தவறிய பையனையோ, உடம்பு முடியாமல் பாதியில் நின்ற பையனையோ ஊரார் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஹேமேந்திர மோகன் வீட்டில் முடங்கவில்லை. வேலைக்கு மனுப் போடவும் இல்லை. சோதனைச்சாலை அவரிடமிருந்து கண்ணைப் பறிக்கப் பார்த்தது. அதே சோதனைச்சாலையில் கற்ற ரசாயனத்தைக் கொண்டு அவர் வாசனைத் தைலம் காய்ச்சத் தொடங்கினார்.

குந்தலீன் கதை

1890-களின் தொடக்கத்தில் அவர் கடைக்குக் கொண்டுவந்த தலை எண்ணெய்க்குக் குந்தலீன் என்று பெயர். கூந்தல் என்று நாம் சொல்வதற்கு வடமொழியில் குந்தலம். அதிலிருந்து வந்த பெயர். கைக்குட்டையில் தெளிக்க தெல்கோஷ் என்ற சென்ட். வெற்றிலை பாக்குக்கு வாசனை சேர்க்கத் தாம்பூலீன். இந்த மூன்றும் வங்காள வீடுகளில் நுழைந்துவிட்டன. சீமைச் சரக்கு என்றால்தான் வாசனை என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. உள்ளூர்ச் சரக்கைச் சீமைச் சரக்கோடு சரிசமமாக நிறுத்தியது சாதாரணக் காரியம் அல்ல.

விளம்பரம் செய்வதில் அவருக்கு இணை அவரே. எண்ணெய் நல்லது, வாங்குங்கள் என்று தண்டோரா போட்டதோடு நிற்கவில்லை. 1896-ஆம் ஆண்டு குந்தலீன் பெயரில் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். கதைக்குள் குந்தலீனும் தெல்கோஷும் எங்கேயாவது வந்து போக வேண்டும். ஆனால் படிப்பவருக்கு விளம்பரம் என்று தோன்றக்கூடாது. இதுதான் நிபந்தனை.

முதல் ஆண்டு பரிசு பெற்ற கதையில் ஆசிரியர் பெயர் போடவில்லை. வங்காள விரிகுடாவில் எழும்பிக் கல்கத்தாவை நோக்கி வந்த பெரும்புயல் ஒன்று திடீரென்று காணாமல் போகிறது. வானிலைக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கப்பலில் போன ஒருவர் கொந்தளிக்கும் கடலில் ஒரு புட்டி குந்தலீனை ஊற்ற, அலை அடங்கிவிட்டது என்று கதை முடிகிறது. எழுதியவர் வேறு யாருமல்ல, விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்! வங்காளியில் வெளிவந்த ஆரம்பகால விஞ்ஞானக் கதைகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

ஜகதீச சந்திரர் நம் கதாநாயகருக்கு உறவும்கூட. சித்தப்பா ஆனந்த மோகனின் மனைவி சுவர்ணபிரபா ஜகதீசரின் அக்காள். அந்தக் கதைக்குச் சற்று முன்புதான், 1895-ஆம் ஆண்டு, கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியில்லாமல் மின்காந்த அலையை அனுப்பித் தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார் ஜகதீசர். ரேடியோ என்ற சொல்லே ஊருக்குத் தெரியாத நாள் அது. பிற்காலத்தில் வீடு வீடாகக் குரலைக் கொண்டுபோன விஞ்ஞானத்துக்கு வழி திறந்தவர்களில் ஒருவரே, உறவுக்காரரின் எண்ணெய்க்காக ஒரு கதையும் எழுதினார் என்பது சுவையான செய்தி.

1903-ஆம் ஆண்டுப் போட்டியில் பரிசு பெற்ற கதை ஒரு கோயிலைப் பற்றியது. அனுப்பியவர் பெயர் சுரேந்திரநாத் கங்கோபாத்யாயர். உண்மையில் எழுதியவர் அவருடைய உறவினரான ஓர் இளைஞர். தன் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்ட அந்த இளைஞர் பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். பர்மா ரயில்வேயின் தணிக்கை அலுவலகத்தில் கொஞ்ச காலம் தற்காலிக வேலையும் பார்த்தார். 'தேவதாஸ்' எழுதிய சரத் சந்திரர்தான் அவர். அச்சில் வந்த அவருடைய முதல் கதைக்கு எண்ணெய்க் கம்பெனியின் பரிசு! ரயில்வேயில் பேனா பிடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு சின்னச் சந்தோஷம்.

சைக்கிளும் மோட்டாரும்

எண்ணெயில் வந்த லாபத்தை எச். போஸ் நிலமாகவும் நகையாகவும் அடுக்கி வைக்கவில்லை. புதிதாக எது வந்தாலும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் அவருக்கு. குந்தலீன் பெயரிலேயே ஓர் அச்சகம் வைத்தார். இன்று மகாத்மா காந்தி சாலை என்று பெயர் மாறியிருக்கும் ஹாரிசன் ரோட்டில் சைக்கிள் கடை திறந்தார். ஜகதீச சந்திர போஸ், ரசாயன மேதை பிரபுல்ல சந்திர ராய், டாக்டர் நீலரத்தன் சர்க்கார் ஆகியோருக்கு அவரே சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். அவ்வளவு பெரிய மேதைகள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளாடியதை அந்தத் தெருவார் பார்த்திருக்க வேண்டும்!

அப்புறம் மோட்டார் வியாபாரம். புகைப்படக் கலையிலும் தீராத ஆசை. அவர் மணந்தது மிருணாளினி தேவியை. குழந்தை இலக்கியத்திலும் அச்சுக்கலையிலும் பெயர் பெற்ற உபேந்திரகிஷோர் ராயின் தங்கை அவர். திரைப்பட மேதை சத்யஜித் ராயின் தாத்தாதான் உபேந்திரகிஷோர். ஆக, இரண்டு பக்கமும் யந்திரமும் கலையும் சேர்ந்தே விளையாடிய குடும்பம்.

பேசும் இயந்திரம்

எல்லாவற்றிலும் அவர் மனத்தைக் கொள்ளை கொண்டது எடிசனின் போனோகிராப். இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும்.

நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஒரு காலத்தில் பாடிய கிராமபோனில் வட்டமான தட்டு சுழலும். அதற்கு முந்திய போனோகிராபில் தட்டு கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் மெழுகு உருளை ஒன்றை அதில் மாட்ட வேண்டும். குழாய் முன்னால் நின்று ஒருவர் பாடினால் அந்த ஓசையின் அதிர்வில் ஓர் ஊசி மெழுகில் கோடு கிழித்துக்கொண்டே போகும். அதே கோட்டில் மறுபடி ஊசியை ஓட்டினால் பாடியவர் குரல் திரும்பி வரும். ஓர் உருளையில் இரண்டு நிமிஷம் பாடலாம். மின்சாரம் வேண்டியதில்லை, சாவி கொடுத்தால் போதும்.

கிராமபோன் பாட மட்டும் செய்யும். போனோகிராபோ பாடவும் செய்யும், கேட்டதைப் பதியவும் செய்யும். எச். போஸ் பிடித்துக்கொண்டது இந்த வித்தியாசத்தைத்தான். வீட்டுக்கு வந்த நண்பர்களை எல்லாம் குழாய் முன்னால் நிறுத்தினார். அப்படி நின்றவர்களில் ரவீந்திரநாத் தாகூரும் ஒருவர்.

அப்போது கல்கத்தாவில் இசைத்தட்டு வியாபாரம் வெள்ளைக்காரக் கம்பெனி கையில் இருந்தது. லண்டன் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் கெய்ஸ்பெர்க் 1902-ஆம் ஆண்டு இறுதியில் இங்கு வந்து கவுஹர் ஜான் முதலானோரைப் பாட வைத்துப் பதிந்து போனார். பதிவு ஜெர்மனியில் ஹானோவர் நகருக்குப் போகும். தட்டாகித் திரும்பி வரும். தட்டுக்கு வேண்டிய அரக்கு மட்டும் பெரும்பாலும் நம் நாட்டுச் சரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் விளைந்த அரக்கு கடல் தாண்டிப் போய், நம் பாட்டையே சுமந்துகொண்டு, நம்மிடமே விலைக்கு வந்தது. பருத்தி போய்த் துணியாக வந்த அதே கதை!

1905-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி கர்சான் பிரபு வங்காளத்தை இரண்டாக வெட்டினார். கல்கத்தா கொதித்தது. அன்று ஐக்கிய மண்டபத்துக்கு அஸ்திவாரம் போடும் கூட்டத்துக்கு, நோயில் கிடந்த ஆனந்த மோகன் போஸைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். அடுத்த ஆண்டே அவர் காலமானார். வீதிகளில் தாகூரின் பாட்டுகள் ஒலித்தன. ஆயிரம் பேர் கூடிப் பாடினாலும் கூட்டம் கலைந்தால் பாட்டும் கலைந்துவிடும். கூட்டத்துக்கு வர முடியாதவன், மொபசலில் இருப்பவன், வீட்டுக்குள் இருக்கும் பெண்கள் கேட்பது எப்படி?

எச். போஸ் செய்த காரியம் இங்கேதான் பெரிதாகிறது. தர்மதலாத் தெருவில் மார்பிள் ஹவுஸ் என்ற கட்டடத்தில் பேசும் இயந்திர மண்டபம் என்ற பொருள்படும் பெயரில் கடையும் பதிவு நிலையமும் திறந்தார். இன்று அந்தத் தெருவுக்கு லெனின் சரணி என்று பெயர். 1906-ஆம் ஆண்டு எச். போஸ் ரெக்கார்டு என்ற பெயரில் உருளைகள் விற்பனைக்கு வந்தன. தாகூர் தம் சொந்தக் குரலில் பாடிய சுதேசிப் பாட்டுகள் அவற்றில் இருந்தன. வந்தே மாதரமும் இருந்தது. அந்தக் காலத்தில் அந்த இரண்டு சொற்களைத் தெருவில் சத்தமாகச் சொன்னதற்கே தடியடி விழுந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதை விலை போட்டு, பட்டியலில் அச்சடித்து விற்றார் இந்த எண்ணெய் வியாபாரி.

ரேடியோ நிலையம் வர இன்னும் இருபது ஆண்டு இருந்தது. ஒருவர் பாட, ஊரெல்லாம் அவரவர் வீட்டில் உட்கார்ந்து கேட்பது என்ற பழக்கத்தை அதற்கு முன்பே தொடங்கி வைத்தவர்களில் அவர் ஒருவர்.

தூத்துக்குடியும் கல்கத்தாவும்

அதே 1906-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். அங்கே கப்பல், இங்கே குரல். அவருக்கு எதிரே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி, இவருக்கு எதிரே கிராமபோன் கம்பெனி. வ.உ.சி. 1908-ல் சிறைக்குப் போனார். அவர் கம்பெனி 1911-ல் மூடப்பட்டது. எச். போஸுக்குச் சிறை இல்லை. ஆனால் சந்தையில் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

மெழுகு உருளைக்கு இரண்டு குறை. பல தடவை ஓட்டினால் கோடு தேய்ந்துவிடும். ஒன்றைப் பார்த்து ஆயிரம் அடிப்பதும் தட்டைப் போல எளிதல்ல. காலம் தட்டின் பக்கம் சாய்கிறது என்பதை எச். போஸ் கண்டுகொண்டார். பிரான்சு நாட்டுப் பாதே கம்பெனியோடு ஏற்பாடு செய்துகொண்டு, உருளைப் பதிவுகளை அங்கே அனுப்பித் தட்டாக்கிக்கொண்டு வந்தார். 1908 வாக்கில் பாதே - எச். போஸ் தட்டுகள் கடைக்கு வந்தன.

இதிலும் ஒரு சங்கடம் இருந்தது. பாதே தட்டில் ஊசி நடுவிலிருந்து புறப்பட்டு வெளிப்பக்கமாக ஓடும். ஊசி முனையும் இரும்பு அல்ல, நீலக்கல் உருண்டை. கிராமபோன் கம்பெனியின் பெட்டி வைத்திருப்பவர் இதைப் போட்டுக் கேட்க முடியாது. ரயில் பாஷையில் சொன்னால், இவர் ஓட்டியது மீட்டர் கேஜ். ஊரெங்கும் போட்டிருந்தது பிராட் கேஜ். வண்டி நல்ல வண்டிதான், ஆனால் தண்டவாளம் வேறு.

அந்த 1908-ஆம் ஆண்டிலேயே கிராமபோன் கம்பெனி நம் சியால்டாவில் தொழிற்சாலை திறந்துவிட்டது. இனி ஹானோவருக்குப் போக வேண்டியதில்லை. அரக்கும் இங்கே, ஆளும் இங்கே. தட்டு மலிவாக, சீக்கிரமாக வந்தது. 1920-களின் கடைசியில் அந்தத் தொழிற்சாலை டம்டம்முக்குப் போனது. நம் தாத்தா காலத்துத் தமிழ்ப் பாட்டுத் தட்டுகளில் நாய்ப் படத்துக்குப் பக்கத்தில் டம்டம் என்று போட்டிருப்பதைப் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். தியாகராஜ பாகவதரைத் திருச்சியில் கேட்டவருக்கும் தட்டு போனது கல்கத்தாவிலிருந்துதான். எச். போஸால் அந்த வெள்ளத்தை எதிர்த்து நிற்க முடியவில்லை. சில ஆண்டுகளில் அவருடைய தட்டு வியாபாரம் ஓய்ந்தது. எண்ணெய் மட்டும் தொடர்ந்து ஓடியது.

1916-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி எச். போஸ் காலமானார். வயது 52.

மெழுகு போன வழி

அவர் பதிந்த உருளைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. மெழுகு உடையும். வெயிலில் இளகும். எல்லாவற்றையும்விட வங்காளத்து மழைக்காலம் அதற்கு எமன். ஜூலை மாதம் சூட்கேஸிலிருந்து சட்டையை எடுத்தால் பூஞ்சணம் பூத்திருக்கும் ஊர் இது. மெழுகு தப்புமா? தாகூர் பாடிய வந்தே மாதரம் பாதே தட்டாக மாறியதால் தப்பியது. இன்றும் அதைக் கேட்க முடிகிறது. இளமை குன்றாத, மெல்லிய, சற்றே உயர்ந்த குரல். இரைச்சலுக்கு நடுவில் அது எழும்பி வரும்போது உடம்பு சிலிர்க்கும். வியாபாரமாகப் பார்த்தால் பாதே தட்டு நஷ்டம். ஆனால் அந்த நஷ்டமான தட்டு இல்லையென்றால் அந்தப் பாட்டே இல்லை.

இதை எழுதும்போது என் வீட்டு விஷயம் ஒன்று நினைவுக்கு வருகிறது. என் அப்பா கல்கத்தாவுக்கு வந்த புதிதில் டெலிபோனுக்கு வழியில்லை. கடிதம் எழுதப் பாட்டிக்குத் தெரியாது. ஊருக்குப் போகிறவர்களிடம் கேசட்டைக் கொடுத்தனுப்புவார் அப்பா. பாட்டி அதில் பேசி அனுப்புவாள். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, பேரனுக்குப் பல் முளைத்ததா என்று ஒரு பக்கம் முழுக்கப் பேசுவாள். மறுபக்கத்தில் அப்பா பதில் பேசி அனுப்புவார். பல சமயம் பாட்டி பேசியதன் மேலேயே பேசிவிடுவார். அப்போது கேசட் விலை அப்படி.

பாட்டி போனபின் மிச்சம் இருந்தது ஒரே கேசட். பரண்மேல் இருந்ததை நான் எடுத்துப் பார்த்தபோது நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். நாடா துண்டு துண்டாக வந்தது. கடைசியில் ஒரு இருமல், அதன்பின் அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு அழைப்பு. அவ்வளவுதான் கிடைத்தது. அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். எச். போஸின் உருளைகள் போனதைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த நாடாதான் கண்முன் வந்தது.

பிள்ளைகள் விட்ட இடத்தில் தொட்டார்கள்

தந்தையின் தட்டு வியாபாரம் நின்றது. ஆனால் ஆம்ஹர்ஸ்ட் தெரு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் கேமராவும் பாட்டுப் பெட்டியும் கைப்பழக்கமாக வளர்ந்தார்கள். மகன்களில் கார்த்திக் போஸ் முதலானோர் வங்காள கிரிக்கெட்டில் பெயர் பெற்றார்கள். மகள் மாலதி கோஷால் தாகூர் பாட்டுகளைப் பாடுவதில் புகழ் பெற்றார். நித்தின், முகுல் என்ற இரண்டு மகன்கள் சினிமாவுக்குப் போனார்கள்.

லேக் மார்க்கெட்டிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் டாலிகஞ்ச். அங்கே பி.என்.சர்க்கார் 1931-ல் தொடங்கிய நியூ தியேட்டர்ஸில் நித்தின் போஸ் ஒளிப்பதிவாளராகவும் டைரக்டராகவும் இருந்தார். முகுல் போஸ் ஒலிப்பதிவாளர். பேசும்படம் வந்த புதிதில் நடிகரே நடித்துக்கொண்டு பாடவும் வேண்டும். பாட்டுத் தெரிந்தால் நடிப்பு வராது. நடிப்பு வந்தால் பாட்டு வராது. மைக்கைப் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, நடிகர் அதைவிட்டு நகராமல் பாட வேண்டும்.

நித்தின் போஸ் ஒருநாள் பங்கஜ் மல்லிக்கின் வீட்டுக்குப் போனபோது, அவர் ஓடுகிற இசைத்தட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாராம். தட்டின் குரலும் மனிதன் வாயும் ஒன்றாகப் போவதைக் கண்டு யோசனை பிறந்தது என்பார்கள். பாட்டை முதலிலேயே பதிந்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு நடிகரை வாயசைக்கச் சொன்னால் என்ன? 1935-ஆம் ஆண்டு 'பாக்ய சக்ரா' என்ற வங்காளப் படத்தில் அதைச் செய்து காட்டினார்கள். டைரக்டர் நித்தின் போஸ், ஒலிப்பதிவு முகுல் போஸ், இசை ராய்சந்த் போரால். இந்தியப் படங்களில் பின்னணிப் பாட்டு தொடங்கியது இந்தப் படத்தில்தான்.

டி.எம்.சவுந்தரராஜன் பாட, சிவாஜியும் எம்.ஜி.ஆரும் வாயசைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் பெற்றோர். பி.சுசீலாவும் எஸ்.பி.பாலசுப்பிரமணியமும் நம் வீடுகளில் உறவினர்போல ஆனதும் அந்த வழியில்தான். அந்த வழிக்கு முதல் கல் நட்டவர்கள் ஓர் எண்ணெய்க் கடைக்காரரின் பிள்ளைகள். நித்தின் போஸுக்கு 1977-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது கிடைத்தது. 1986-ல் காலமானார். பாகவதரின் 'அம்பிகாபதி' உள்பட அந்நாளைய தமிழ்ப் படங்கள் சிலவும் கல்கத்தா ஸ்டூடியோக்களில் உருவானவையே. டாலிகஞ்ச் பக்கம் போகும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

மறுபடி மகாளய விடியல்

1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி கார்ஸ்டின் பிளேஸ் முதலாம் எண் வீட்டில் கல்கத்தா ரேடியோ நிலையம் தொடங்கியது. ராய்சந்த் போராலும் பங்கஜ் மல்லிக்கும் அதன் ஆரம்ப நாள் முதலே அங்கே பாட்டோடு இருந்தவர்கள். 1930-களின் தொடக்கத்தில் உருவான மகாளய விடியல் நிகழ்ச்சிக்கு எழுத்து வாணிகுமார், பாராயணம் பீரேந்திர கிருஷ்ண பத்ரா, இசை பங்கஜ் மல்லிக். எச். போஸின் மகனுக்குப் பின்னணிப் பாட்டு யோசனை கொடுத்த அதே பங்கஜ் மல்லிக்தான்.

முதலில் எல்லாரும் குளித்து, பட்டு உடுத்தி, நிலையத்துக்கு வந்து நேரடியாகப் பாடினார்கள். பிற்காலத்தில் பதிவை ஒலிபரப்பும் வழக்கம் வந்தது. பதிந்து வைத்ததால்தான் பத்ரா இன்றும் நம்மை எழுப்புகிறார்.

குந்தலீன் புட்டியைத் தேடி இன்று யாரும் கடைக்குப் போவதில்லை. தர்மதலா மண்டபத்தின் உருளைகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. வியாபாரக் கணக்கில் எச். போஸ் தோற்றவர்தான். ஆனால் மனிதர் குரல் வீணாகப் போகக்கூடாது, அது இன்னொரு வீட்டிலும் கேட்க வேண்டும் என்ற அவருடைய ஆசை தோற்கவில்லை. அது அவர் பிள்ளைகள் கைக்குப் போனது. அங்கிருந்து சினிமாவுக்கும் போய் நம் வீடு வரை வந்துவிட்டது.

நம்மில் பலர் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள். அப்பா அம்மா அங்கே, நாம் இங்கே. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி எச். போஸின் இயந்திரத்தைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரத்தனமானது. மெழுகும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசச் சொல்லிப் பதிந்து கொண்டு வாருங்கள். குலதெய்வத்தின் கதை, பஞ்ச காலத்துக் கதை, நாற்று நடும்போது பாடிய பாட்டு, எதுவானாலும் சரி. ஒன்றுக்கு இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி வையுங்கள்.

என் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு இருமலும் ஒரு அழைப்பும்தான். உங்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கட்டும்.